இறுகாத கம்பி

“திருடன் வந்தானாம், திருடன்! மாடி முழுக்கத் தொட்டி இருக்க, அது ஒண்ணை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போற திருடன்...”

“அண்ணி, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“என்னத்தைச் சொல்லப் போற? பூட்டின கதவு பூட்டினபடி இருக்கு. சாவி உன் இடுப்புல இருக்கு!”

“பின்பக்கமா ஏறலாம் அண்ணி, தண்ணிக் குழாயைப் பிடிச்சு...”

“ஏறலாம். மரத்தைத் தூக்கிக்கிட்டு இறங்க முடியுமா? அவனுக்கு என்ன மூணு கையா?”

“நாலு வேணும்” என்றது வாசலிலிருந்து ஒரு குரல். “தொட்டிக்கு ரெண்டு, குழாய்க்கு ரெண்டு.”

சண்டை பிடித்துக்கொண்டிருந்த இருவரும் திரும்பினார்கள். வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஓர் ஆள். அவருக்கு முன்னால், கைப்பையை மார்போடு அணைத்தபடி, நரைத்த தலையுடன் குள்ளமாக ஓர் அம்மாள். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பிடிக்காமல், காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற தொழிலுக்கு வந்தவள். ஹெல்மெட்காரர் அவளுடைய மகளின் கணவர். தொட்ட தொழில் எதுவும் துலங்காமல் மாமியாருக்கு ஸ்கூட்டர் ஓட்டினார். கூடவே வாயையும் ஓட்டினார். அவர் “அத்தை, அத்தை” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவளைவிட மூத்தவர்கள்கூட அவளை அத்தை என்றே அழைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“மாப்பிள்ளை, தயவுபண்ணி வாயை மூடிக்கிட்டு ஹெல்மெட்டைக் கழட்டுங்க” என்றாள் அத்தை. மரியாதை குறையாமல் மருமகனைத் திட்டும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

“எது முதல்ல அத்தை?”

அத்தை திரும்பி வீட்டுக்காரியைப் பார்த்தாள். “உன் வீட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணாரும்மா. மரத்தைக் காணோம், தேடிக் குடுங்கன்னு.”

“பண்ணுவான்” என்றாள் மற்றவள். “நான் அவனோட அக்கா. ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவ.”

“தெரியுது” என்று மாப்பிள்ளை தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

கீழே கடிகாரம் ரிப்பேர் கடை, மேலே வீடு, அதற்கும் மேலே மொட்டை மாடியில் மரங்கள். அந்த வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் கடிகாரக்காரர் என்பார்கள். முழங்கை உயரத்துக்கு மேல் வளரவிடாமல் மரம் வளர்ப்பது அவருடைய பைத்தியம். குளிர் முடிகிற நேரத்தில் படுத்தவர், வெயில் காலம் முடியப்போகிற இப்போதும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தார்.

“நாளைக்குக் காலையில கூட்டிக்கிட்டு வரோம்” என்றாள் ஹெட்மிஸ்ட்ரஸ். குரல் முதல்முறையாக இறங்கியது. “குணமாகி இல்லை. இனிமே அங்க வெச்சிருந்து பிரயோஜனமில்லைன்னு அனுப்புறாங்க. அவன் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. கட்டிலை மாடி ரூம்ல போடுங்க, கண்ணைத் திறந்தா கிழவன் தெரியணும்னு.”

“கிழவன்னா?”

“அந்த மரம்தான். ஜூனிப்பர்னு ஊசியிலை மரம். ஒரு பழைய பங்களாவை இடிச்சப்ப குப்பையோட கிடந்துச்சாம். மடியில வெச்சுக்கிட்டு வந்தான். அது இல்லைன்னு இப்ப அவன்கிட்ட எந்த மூஞ்சியோட போய் நிக்கிறது?” குரல் பழையபடி ஏறியது. “அந்த நர்சரிக்காரன் இந்த மரத்துக்காக நாக்கைத் தொங்கப்போட்டுக்கிட்டு அலைஞ்சான். இவ அவன் கடையிலேருந்து வெளிய வந்ததை நான் பாத்தேன். என்னத்துக்குப் போன? சொல்லு!”

“உரம் வாங்க.”

“வெறுங்கையோட வந்தியே! அத்தை, நல்லாக் கேட்டுக்குங்க. சாயங்காலத்துக்குள்ள மரம் கிடைக்கலைன்னா, நாளைக்கு அவன் வாசப்படி ஏறும்போதே சொல்லிடுவேன். உன் பொண்டாட்டி உன் மரத்தைத் தூக்கிக் குடுத்துட்டா, இனிமே அவ கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்காதேன்னு.”

கடிகாரக்காரரின் மனைவி அழவில்லை. அத்தையை நேராகப் பார்த்துச் சிரித்தாள். “திருடன்தான் அத்தை. நல்ல ரசனைக்காரன். எங்கயோ வெயில் படற இடத்துல வெச்சு நல்லாப் பாத்துப்பான்.”

மாடிப்படி ஏறும்போது மாப்பிள்ளை கிசுகிசுத்தார். “திருடனுக்கு நற்சான்றிதழ் குடுக்கிற வீட்டை இப்பத்தான் பாக்கறேன்.”

“டிக்கெட் இல்லாதவன் என்னைப் பாத்தா ஜன்னலுக்கு வெளிய பாப்பான், மாப்பிள்ளை. கள்ள டிக்கெட் வெச்சிருக்கிறவன்தான் என் கண்ணைப் பாத்துச் சிரிப்பான்.”

மாடியில் தகரக் கூரைக்குக் கீழே பலகைகளில் வரிசையாக மரங்கள். சாக்கடை ஓரத்தில் முளைத்ததைக் கொண்டுவந்து வளர்த்த அத்தி, கிளைகளை வளைக்கக் கம்பி சுற்றிய மாதுளை, தலையைச் சாய்த்த போகன்வில்லா, ஒரு குட்டி ஜூனிப்பர். எல்லாமே அந்தப் பருவத்தில் நன்றாகத் துளிர்த்து, கிள்ளப்பட்டு, மறுபடி துளிர்த்திருந்தன.

“யாரும்மா இதையெல்லாம் பாத்துக்கிட்டது?”

“நான்தான். போன்ல சொல்லுவார். அத்திக்கு இலையைக் கிள்ளு, அப்பத்தான் அடுத்து சின்ன இலையா வரும். மாதுளையை வெயிலுக்குத் திருப்பு. அப்படியே செய்வேன். எனக்கு இதெல்லாம் பிடிக்காது அத்தை. கல்யாணமான புதுசுலேருந்து இதுங்களுக்கும் எனக்கும் ஆகாது.” சொல்லிக்கொண்டே வாடிய ஓர் இலையை அவள் விரல் தானாகக் கிள்ளி எறிந்தது.

நடுவில் ஒரு பலகை காலியாக இருந்தது. மாப்பிள்ளை அலுப்பில் அதன் மேல் உட்கார்ந்தார்.

“எழுந்திருங்க!”

“என்ன அத்தை, சீட் ரிசர்வ்டா?”

அத்தை குனிந்து பலகையைத் தடவினாள். மற்ற பலகைகளில் எல்லாம் தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்திருந்தது, விளிம்பில் பாசி பிடித்திருந்தது. இந்தப் பலகை எலும்பு போல வெளுத்து உலர்ந்திருந்தது.

“இங்க வெச்சிருந்த மரத்துக்குத் தண்ணி ஊத்தினியாம்மா?”

“தினமும்.” பதில் அவசரமாக வந்தது. “அதுக்குத்தான் முதல்ல ஊத்துவேன்.”

“அவர் போன்ல சொன்னார், தினமும் போட்டோ அனுப்புவியாமே? காட்டு.”

மனைவி போனை நீட்டினாள். ஒவ்வொரு நாள் காலையும் ஒரு படம். பாறையிலிருந்து அருவி விழுவது போல, தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே சரிந்த மரம். தண்டு முழுக்கச் செம்பு நிறக் கம்பி. பச்சைப் பசேல் என்று இலை. எல்லாப் படமும் ஒரே பக்கத்திலிருந்து எடுத்தவை. ஓரத்தில் அத்தி மட்டும் படத்துக்குப் படம் மாறிக்கொண்டே வந்தது.

அத்தை குட்டி ஜூனிப்பர் பக்கம் போனாள். “இதுக்கும் அதே கம்பிதானா?”

“ரெண்டுக்கும் ஒரே நாள் சுத்தினார். படுக்கிறதுக்கு முந்தின வாரம்.”

குட்டி மரத்தின் பட்டைக்குள் கம்பி புதைந்து, இரு பக்கமும் சதை பிதுங்கியிருந்தது. அத்தை மறுபடி கடைசிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பும்போதுதான் மாப்பிள்ளை தன் வெள்ளைச் சட்டையின் ஓரத்தைக் கவனித்தார். பச்சைக் கறை.

“பாசி” என்று துடைத்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். உள்ளங்கையெல்லாம் பச்சையானது. “என்ன பாசி இது, சாயம் போகுது? உங்க பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?”

“உலர்ந்த பலகையில ஏது மாப்பிள்ளை பாசி? ஓட்டுங்க, நர்சரிக்கு.”

நர்சரிக்காரர் ரப்பர் குழாயால் செடிகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அத்தை விஷயத்தைச் சொன்னதும் குழாயைக் கீழே போட்டார். தண்ணீர் மாப்பிள்ளையின் செருப்பை நனைத்தது.

“கிழவனைக் காணோமா! ஐயோ, யாரு எடுத்தா?”

“நீங்கதான்னு சொல்றாங்க” என்றார் மாப்பிள்ளை, ஒரு காலைத் தூக்கியபடி.

“ஆசைப்பட்டேன், இல்லைன்னு சொல்லலை. ஆனா அவங்க வந்தது குடுக்கிறதுக்கு இல்லைம்மா. ஒரு சின்னக் கிளையை முந்தானையில மறைச்சுக் கொண்டுவந்து ஒண்ணு கேட்டாங்க.”

“என்ன கேட்டா?”

“அதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். அழுதுக்கிட்டுக் கேட்டாங்க.”

“சரி, விடுங்க.” அத்தை சுற்றிலும் பார்த்தாள். “வந்தது வந்துட்டேன். எனக்கு ஒரு ஜூனிப்பர் வேணும். நல்ல பச்சையாப் பாத்து எடுங்க.”

மரக்கிறுக்கு உள்ளவரிடம் மரத்தைப் பற்றிக் கேட்டால் வாக்காவது ஒன்றாவது. நர்சரிக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. “பச்சையைப் பாத்து ஜூனிப்பர் வாங்கினா ஏமாந்துதான் போவீங்க! மத்த மரம் செத்தா இலையைக் கொட்டி ஊருக்கே சொல்லிடும். இது வேர் செத்து எத்தனையோ வாரம் பச்சையாவே நிக்கும். செத்த சங்கதி அதுக்கே தெரியாது. நகத்தால பட்டையை லேசாச் சுரண்டணும். உள்ள பச்சை இருந்தா உயிர் இருக்கு. பழுப்புன்னா...” சட்டென்று நிறுத்தி, குழாயைக் கையில் எடுத்துக்கொண்டார். “நான் ஒண்ணும் சொல்லலைம்மா.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலை” என்றாள் அத்தை.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது மாப்பிள்ளை கேட்டார். “அப்ப திருடு போறதுக்கு முந்தியே கிழவன் காலியா?”

“கம்பி சுத்தின கிளை பருவத்துல பருக்கும், கம்பி பட்டையைக் கடிக்கும். குட்டி மரத்துல கடிச்சிருக்கு. கிழவன் படத்துல முதல் நாள் எப்படி இருந்துச்சோ அப்படியே கடைசி நாளும் இருக்கு. கம்பி இறுகவே இல்லை. பச்சை மங்கினதும் இவ வர்ணம் அடிச்சிருக்கா, உங்க சட்டையில ஒட்டினது அதுதான். தண்ணி ஊத்தினா வர்ணம் கரையும்னு ஊத்தறதை நிறுத்தியிருக்கா. பலகை அதனாலதான் உலர்ந்து கிடக்கு. நாளைக்கு அவர் வர்றார். போட்டோ ஏமாறும், பக்கத்துல வந்து பாக்கற கண்ணு ஏமாறாது. அதனால திருடன் வந்துட்டான்.”

“செத்ததை ஒளிக்கிறது யாரு அத்தை? கொன்னவங்கதானே?”

“அப்படித்தான் தோணுது.”

“பாவம். ஒழுங்காத் தண்ணி ஊத்தாம விட்டிருப்பாங்க. நான் மீன் தொட்டிக் கடை வெச்சப்ப எனக்கும் இப்படித்தான்...”

“பச்சை விளக்கு விழுந்துடுச்சு மாப்பிள்ளை.”

வீட்டுக்கு வந்தபோது ஹெட்மிஸ்ட்ரஸ் இல்லை. தம்பியோடு இருக்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். மனைவி மாடி அறையில் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. அத்தை மேலே ஏறாமல் கீழே கடைக்குள் நுழைந்தாள்.

சுவர் முழுக்கக் கடிகாரங்கள். வேலை மேஜையில் பூதக்கண்ணாடி, இடுக்கி, எண்களுக்கு வர்ணம் தீட்டும் மெல்லிய தூரிகை. எல்லாக் கடிகாரங்களும் ஒன்றின் பேச்சில் ஒன்று குறுக்கிட்டபடி ஓடிக்கொண்டிருந்தன.

“ஆள் இல்லாத கடையில யார் சாவி குடுக்கறா?” என்றார் மாப்பிள்ளை.

“அவதான். அவர் சொல்லியிருப்பார்.”

“அப்ப இந்தப் பெரியவருக்கு மட்டும் என்ன லீவா?” மூலையில் ஆள் உயரத்துக்கு நின்ற மரக் கடிகாரத்தை மாப்பிள்ளை தட்டினார். பெண்டுலம் ஆடவில்லை.

அத்தை அதன் நீளக் கதவைத் திறந்தாள்.

கிழவன் உள்ளே இருந்தான். பெண்டுலம் ஒரு கிளையில் சாய்ந்து நின்றிருந்தது. தொட்டியோடு தூக்கி மேஜையில் வைத்தபோது, தொட்ட இடமெல்லாம் இலை பொலபொலவென்று உதிர்ந்தது. முன்பக்கம் பச்சை. வர்ணம் படாத பின்பக்கம் முழுக்கப் பழுப்பு. அத்தை தண்டைப் பிடித்து மெல்ல இழுத்தாள். மரம் எந்தப் பிடிவாதமும் இல்லாமல் தொட்டியை விட்டு வந்தது. அவள் இரண்டு கையாலும் வேரை ஏந்திப் பார்த்தாள். அழுகல் இல்லை. தண்ணீர் இல்லாமல் சுருங்கியதும் இல்லை. ஒவ்வொரு வேரும் தனித்தனியாக, பழைய மண் ஒரு துளி ஒட்டாமல், துலக்கி வைத்தது போல இருந்தது.

“இது தண்ணி ஊத்தாததால செத்தது இல்லை மாப்பிள்ளை” என்றாள் அத்தை மெதுவாக. “வயசான ஜூனிப்பருக்குப் பழைய மண்ணுலதான் உயிர். தொட்டி மாத்தும்போது பாதியையாவது விட்டு வைப்பாங்க. இதை யாரோ ப்ரஷ் போட்டுக் கழுவியிருக்காங்க. கடிகாரத்தைப் பிரிச்சுக் கழுவற மாதிரி...”

சொல்லி முடிக்கும் முன்பே அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பினாள். வாசலில் மனைவி, மடித்த போர்வையோடு நின்றிருந்தாள்.

“நான் கொல்லலை அத்தை.”

“தெரியுதும்மா.”

“கம்பி சுத்தினாரே, அன்னிக்குத்தான் டாக்டர் ரிசல்ட்டைச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் ஒண்ணும் பேசலை. மாடிக்குப் போய்க் கிழவனைத் தொட்டியிலேருந்து எடுத்தார். தொட்டி மாத்தற பருவம்தான், நானும் சும்மா இருந்துட்டேன். கடைப் ப்ரஷை எடுத்து வேரைத் தேய்க்கிறார், தேய்க்கிறார், ஒரு மணல்கூட விடலை. இத்தனை வருஷத்துல ஒரு மரத்துக்கும் அப்படிச் செஞ்சதில்லை. ‘எல்லாம் சுத்தமாயிடுச்சு, இனிமே சரியா ஓடும்’னார். மறு வாரம் படுத்துட்டார்.”

மாப்பிள்ளை ஒரு ஸ்டூலை அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை.

“நர்சரிக்காரர்தான் சுரண்டிப் பாத்துட்டுச் சொன்னார், போயிடுச்சுன்னு. நான் எப்படி அவர்கிட்ட சொல்றது? தினமும் போட்டோ கேப்பார். மங்க மங்க வர்ணம் அடிச்சேன், இந்தத் தூரிகையாலதான். படத்தைப் பாத்துட்டு, ‘பாத்தியா, நுனியில புதுத் துளிர்’னு சொல்லுவார். செத்த மரத்துல துளிர் தெரியுது அவருக்கு. அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையிலதான் இத்தனை நாள் மூச்சு ஓடிச்சு.”

“நாத்தனார் நாளைக்கு என்ன சொல்லப் போறாங்கன்னு தெரியும்ல?”

“சொல்லட்டும். நான் குடுத்துட்டேன்னே நினைக்கட்டும். குடுத்திருந்தா அது எங்கயோ உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்? தன் கையாலயே போச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு அவர் போக வேணாம். அத்தை, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். கிடைக்கலைன்னு சொல்லிடுங்க.”

எத்தனையோ வருஷம் ரயிலில் யார் அழுதாலும் இரங்காதவள் அத்தை. உதிர்ந்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “நான் அவருக்காகத் தேட வந்தவம்மா” என்றாள் கடைசியில். அது மறுப்பா சம்மதமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது அவள் கைப்பைக்குள் போன் அடித்தது. கை இரண்டிலும் வேர். “மாப்பிள்ளை, எடுங்க.”

மாப்பிள்ளை எடுத்துப் பார்த்தார். “அவர்தான் அத்தை.” ஒலிபெருக்கியை அழுத்தி அவள் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“அத்தை, நான்தான்.” மூச்சு வாங்கும் குரல், ஆனால் அவசரக் குரல். “அக்கா இப்பத்தான் டீ வாங்கப் போனா. அதுக்குள்ள சொல்லிடறேன். தேடறதை நிறுத்திடுங்க.”

அத்தை பேச வாயெடுத்தாள். மனைவி உதட்டில் விரல் வைத்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“மரம் எங்கயும் போகலை. வீட்டுக்குள்ளதான் எங்கயாவது ஒளிச்சு வெச்சிருப்பா. நீங்க கண்டுபிடிச்சிருந்தாலும் கண்டுபிடிக்கலைன்னு சொல்லிடுங்க. அது செத்து ரொம்ப நாளாச்சு. நான் கழுவின கழுவலுக்கு எப்படிப் பிழைக்கும்? அன்னிக்கு ராத்திரியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போட்டோவுல கம்பி இறுகவே இல்லையே அத்தை. அவ பாட்டுக்குப் பச்சை அடிச்சு அடிச்சு அனுப்புறா. நானும் துளிர் வந்திருக்கு, துளிர் வந்திருக்குன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். சொல்லலைன்னா உடைஞ்சு போயிடுவா.”

இருமல். மாப்பிள்ளையின் கட்டைவிரல் ஒலிபெருக்கியை நிறுத்தும் இடத்தைத் தேடியது. மனைவி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆள் வெச்சுத் தேடலைன்னா, எனக்கு எல்லாம் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். அக்கா ஏதாவது பேசினா நான் பாத்துக்கறேன். திருடன் கொண்டுபோனதாவே இருக்கட்டும். நான் போற வரைக்கும் அவ என்னை ஏமாத்திட்டதாவே நினைச்சுக்கட்டும். அவளுக்குன்னு வேற ஒண்ணும் நான் விட்டுட்டுப் போகலை.”

மனைவியின் கையிலிருந்து போர்வை நழுவித் தரையில் விழுந்தது. சத்தமே இல்லாமல்தான் விழுந்தது. இருந்தும் அந்தப் பக்கத்தில் மூச்சு ஒரு கணம் நின்றது.

“அத்தை... அவ பக்கத்துல இல்லையே?”